காலையில் புளிக்கிற இலை மாலையில் சப்பென்று ஆவது ஏன்?

"டாக்டரய்யா, நீங்க சொன்ன செடி மோசம் பண்ணிடுச்சுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டே என் வைத்தியசாலைக்குள் நுழைந்தார் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர். வயது அறுபத்தைந்து இருக்கும். பரம்பரை நெசவாளி. எங்கள் காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. தாகம் எடுத்தாலும் 'இந்தப் பூ முடியட்டும், இந்த முந்தி முடியட்டும்' என்று தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. இந்தப் பெரியவருக்கும் கல்தான். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என்னிடம் கேட்டார். நானும் நின்ற வாக்கிலேயே, "ரணகள்ளி இலை ரெண்டு மென்னு பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படி என்ன மோசம் பண்ணிவிட்டது ஐயா?" என்றேன்.

"விடிகாலையில பாவு பிடிச்சுட்டு வந்து ரெண்டு இலை மென்னா, பல்லு கூசுற அளவுக்குப் புளிக்குதுங்க. சாயங்காலம் அதே செடியில பறிச்சு மென்னா சப்புன்னு புல்லு மாதிரி இருக்குது. செடியில சத்து போயிடுச்சா? இல்ல, நான் வேற செடியை வச்சிட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்ததாக அவர் சொன்ன ஒன்று என் சிரிப்பை நிறுத்திவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால், நீங்கள் தினமும் சாப்பிடுகிற சோறு, கட்டுகிற பட்டு, பறிக்கிற மூலிகை எல்லாம் எதனால் ஆனவை என்பதும் தெரிந்துவிடும்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய சந்தேகம்

ரணகள்ளியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தடித்த, ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்ட இலை. பள்ளிக்கூட நாட்களில் புத்தகத்துக்குள் வைத்து, ஓரத்தில் குட்டிச்செடி முளைக்கிறதா என்று தினமும் திறந்து பார்த்திருப்பீர்களே, அதேதான்! 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நம் ஜனங்கள் வைத்த பெயர் அதற்கு எவ்வளவு பொருத்தம்!

பெரியவருக்கு வந்த சந்தேகம் அவருக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. அவர் பெயர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மனிக்காரர். மொராவிய மிஷனைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் தாவர ஆராய்ச்சி செய்தவர். 1819-ல் சென்னையிலேயே காலமானார். இதே ரணகள்ளி இலையை அவர் மென்று பார்த்து, காலையில் நன்றாகப் புளிக்கிறது, நடுப்பகலில் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813-ல் லண்டனில் இருந்த ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815-ல் அச்சிட்டது. செடிகளின் ஒரு பெரிய ரகசியத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட குறிப்புகளில் அது ஒன்று.

செடியின் உடம்பு எதனால் ஆனது?

'இதென்ன கேள்வி, மண்ணிலிருந்துதான்' என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? வான் ஹெல்மாண்ட் என்ற பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர் இதை நிறுத்துப் பார்த்தே சோதித்தார். ஏறத்தாழ 90 கிலோ காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, அதில் ஒரு சின்ன வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து வருஷம் கழித்து மரம் சுமார் 77 கிலோ இருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் அளவுதான்! அவர் இறந்த பிறகு 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி, பாதி தப்பு. மீதிப் பாதி காற்றிலிருந்து வந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை.

நாம் மூச்சு விடும்போது கழித்துத் தள்ளுகிறோமே, அந்தக் கரியமில வாயுதான் செடிக்குச் சாப்பாடு. காற்றில் அது பத்தாயிரம் பங்கில் சுமார் 4 பங்குதான் இருக்கிறது. அந்தத் துளியை இலை, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக உறிஞ்சுகிறது. வேர் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறது. சூரிய வெளிச்சத்தின் பலத்தால் தண்ணீர் பிளந்து, ஆக்சிஜன் வெளியேறுகிறது. கரியமில வாயுவில் உள்ள கரி, அதாவது கார்பன், சர்க்கரையாகக் கட்டப்படுகிறது. வெளிச்சம் இருந்தால்தான் இது நடக்கும் என்று 1779-ல் எழுதியவர் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு வைத்தியர்.

அந்தச் சர்க்கரை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இருந்த மெல்வின் கால்வினும் அவரது குழுவினரும். கதிரியக்கக் கார்பன் கலந்த வாயுவை ஒரு பச்சைப் பாசிக்குக் கொடுத்து, அந்தக் கார்பன் நொடிக்கு நொடி எந்தப் பொருளுக்குள் போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1961-ல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் ஊர்ப் பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்பெரி இலை காற்றிலிருந்து கார்பனைப் பிடித்துத் தன் உடம்பாக்குகிறது. அந்த இலையைத் தின்கிற புழு ஒரு கூட்டுக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்கு நூலாகத் துப்புகிறது. அந்த நூலின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்! கர்நாடகத்திலிருந்தும் நம் ஊர்ப்பக்கங்களிலிருந்தும் வருகிற அந்த நூல்தான் பிள்ளையார்பாளையத்துத் தறியில் பாவும் ஊடையுமாக ஓடுகிறது. உங்கள் கல்யாணப் புடவையின் ஜரிகையைத் தவிர மற்றதில் பெரும் பங்கு ஒரு காலத்தில் காற்றில் மிதந்துகொண்டிருந்ததுதான்.

இரவு ஷிப்டு பார்க்கும் இலை

சரி, புளிப்புக்கு வருவோம். இலை தன் துளைகளைத் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். ஆனால் திறந்த துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். நெல்லுக்கு அந்தக் கவலை இல்லை, காலடியில் தண்ணீர் நிற்கிறது. பாறையிடுக்கிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்கிற ரணகள்ளி, சித்திரை வெயிலில் துளையைத் திறந்தால் வாடிவிடுமே!

அதனால் அது என்ன செய்கிறது தெரியுமா? பகலில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. ராத்திரி குளிர்ந்த பிறகு திறக்கிறது. கரியமில வாயு உள்ளே வருகிறது. ஆனால் ராத்திரியில் வெளிச்சம் இல்லையே, சமைக்க முடியாதே? ஆகவே வந்த வாயுவை வேறொரு பொருளோடு சேர்த்து மாலிக் அமிலமாக்கி, ஒவ்வொரு செல்லிலும் இருக்கிற பைக்குள் சேர்த்து வைக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பைக் கொடுக்கிறதே, அதே அமிலம். விடியும்போது பை நிறைந்திருக்கும். அதைத்தான் பெரியவர் மென்று பல் கூசினார்!

பொழுது விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்கின்றன. சேர்த்து வைத்த அமிலத்தைச் செடி கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, கரியமில வாயுவை உள்ளுக்குள்ளேயே வெளியே எடுத்து, வெயிலின் பலத்தில் சர்க்கரையாக்குகிறது. சாயங்காலத்துக்குள் அமிலம் தீர்ந்துவிடுகிறது. புளிப்பும் போய்விடுகிறது. ஆக, செடி மோசம் பண்ணவில்லை, சத்தும் போகவில்லை. ராத்திரி வாங்கி வைத்த சரக்கைப் பகலில் சமைத்து முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே குழந்தைகளோடு செய்து பாருங்களேன். வாயில் வைக்க வேண்டாம். செம்பருத்திப் பூவின் இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துக் காயவையுங்கள். விடிகாலையில் பறித்த முற்றிய ரணகள்ளி இலையின் சாற்றில் ஒரு சொட்டு, மாலை ஐந்து மணிக்குப் பறித்த இலையின் சாற்றில் ஒரு சொட்டு, அருகருகே விடுங்கள். காலைச் சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு நன்றாக ஏறும். மாலைச் சொட்டில் அவ்வளவு ஏறாது. பள்ளிக்கூடத்து நீல லிட்மஸ் தாள் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நம் மூலிகைகள் எந்தக் கட்சி?

காற்றிலிருந்து கார்பனைப் பிடிப்பதில் செடிகள் மூன்று வழிகளில் போகின்றன.

முதலாவது பொது வழி. நெல், துளசி, வேம்பு, ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் எல்லாம் இந்த வழிதான். பகலில் திறந்து பகலிலேயே சமைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வெயிலுக்குப் பழகிய வழி. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, நம் அருகம்புல் எல்லாம் இதில் சேரும். இவை பகலில்தான் வாயுவைப் பிடிக்கின்றன. ஆனால் முதலில் ஒரு வகை செல்லில் அமிலமாக்கி, உள்ளே இருக்கும் இன்னொரு வகை செல்லுக்குக் கைமாற்றிக் கொடுத்து அங்கே சமைக்கின்றன. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பில் இந்த வழியை விளக்கினார்கள்.

மூன்றாவது ராத்திரி வழி. ரணகள்ளி, சோற்றுக் கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, பிரண்டையின் தண்டு ஆகியவை இதில் வரும். பிரண்டையைப் பச்சையாக நாக்கில் வைத்துப் புளிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்! அதிலுள்ள ஊசி போன்ற உப்புத் துகள்கள் அரித்து எடுத்துவிடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைப்பதுதான் முறை.

பருப்புக் கீரை இருக்கிறதே, அது இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் ஒரே செல்லுக்குள் சேர்த்து நடத்துகிறது என்று 2022-ல் கண்டறிந்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத வேளையிலும் அது தரையோடு தரையாகப் பசுமையாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படிக்கும்போது ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு என்று மூன்றையும் மனப்பாடம் செய்வோம். அந்தச் சுவையே காலைக்கும் மாலைக்கும் மாறுகிற செடிகள் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இலையைச் சொன்னால் போதாது. எந்த வேளையில் பறித்தது, இளசா முற்றலா என்றும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் விடிகாலை இலையை மென்றால் வயிற்றுப் புண்காரருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகலாம்.

படுக்கையறையில் செடி வைக்கலாமா?

என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. 'கற்றாழை ராத்திரியில் ஆக்சிஜன் விடுமாமே, தலைமாட்டில் வைத்துக்கொள்ளட்டுமா?' என்கிறார்கள் சிலர். 'ராத்திரி செடி கரியமில வாயு விடுமே, ஆபத்தில்லையா?' என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுமே பாதி உண்மை.

கற்றாழை ராத்திரியில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பது சரி. ஆனால் ஆக்சிஜன் வருவது வெளிச்சத்தில் தண்ணீர் பிளக்கும்போதுதான். ஆகவே ராத்திரி ஆக்சிஜன் என்பது கட்டுக்கதை. மற்றச் செடிகள் ராத்திரியில் கொஞ்சம் கரியமில வாயு விடுவதும் உண்மைதான். ஆனால் வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு விடுகிறார். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் விடுவதோடு ஒப்பிட்டால் நாலு தொட்டிச்செடி விடுவது ஒன்றுமே இல்லை. செடி வைப்பது உங்கள் இஷ்டம். ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம்.

குளத்துப் பச்சை

காற்றைச் சாப்பாடாக்குகிற இந்தக் கலையைச் செடிகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆதி குரு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான். கோயில் குளத்தில் தண்ணீர் பச்சையாகத் திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீலப்பச்சைப் பாசி என்கிற பாக்டீரியா வகையும் இருப்பது உண்டு. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது இவற்றால்தான். அந்த வம்சத்தில் ஒன்று வேறொரு செல்லுக்குள் புகுந்து குடியிருந்துவிட்டது. இன்று ஒவ்வொரு இலைக்குள்ளும் இருக்கிற பச்சைத் துகள்கள் அதன் வாரிசுகளே! வெளிச்சமே இல்லாமல், மண்ணில் உள்ள அமோனியாவை எரித்த பலத்தில் கரியமில வாயுவைப் பிடித்து வாழ்கிற பாக்டீரியாக்களும் நம் வயல்களில் இருக்கின்றன.

கடையில் விற்கிற ஸ்பைருலினாவும் நீலப்பச்சைப் பாசியே. புதுக்கோட்டை மாவட்டத்தில்கூடத் தொட்டி கட்டி வளர்க்கிறார்கள். அதற்காகக் குளத்துப் பாசியை அள்ளி வந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்திலேயே ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்குகிற வகைகளும் இருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. பச்சையாகத் திரண்ட குளத்து நீரைக் குடிக்கவும் வேண்டாம், குழந்தைகளை அதில் விளையாட விடவும் வேண்டாம்.

பெரியவர் சொன்ன அடுத்த வார்த்தை

இப்போது பாக்கியைச் சொல்கிறேன். புளிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நாலு நாளா குமட்டலா இருக்குதுங்க. எழுந்தா தலை சுத்துது" என்றார் பெரியவர். நாடி பிடித்தேன். மிகவும் மந்தமாக நடந்தது. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று அப்போதுதான் கேட்டேன். இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். டிகாக்சின்! இதயத்துக்கான மாத்திரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரணகள்ளி வகைச் செடிகளில், டிகாக்சினைப் போலவே இதயத்தின் மேல் வேலை செய்கிற பொருள்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த வகைச் செடிகளைத் தின்ற மாடுகள் இதயம் பாதித்து இறந்திருக்கின்றன. பெரியவர் மாத்திரையையும் இலையையும் சேர்த்து, அதுவும் இரண்டு வேளை, பத்து நாளாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். 'சாயங்கால இலை சப்பென்று இருந்ததால் நாலு இலையாக மென்னேன்' என்று வேறு சொன்னார். புளிப்பு போனதும் மருந்து போய்விட்டதாக நினைத்திருக்கிறார். அமிலம் வேறு, இதயத்தில் வேலை செய்கிற பொருள் வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே இலையை நிறுத்தச் சொல்லி, அவருடைய மகனை வரவழைத்து, இதய டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். தேறி வந்துவிட்டார். இலையால் வந்ததா, மாத்திரை அளவு கூடியதால் வந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டர். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கல்யாணப் பந்தியில் நின்றபடி மருந்து சொன்னது என் தப்பு. அதற்குப் பிறகு நின்ற வாக்கில் யாருக்கும் எந்த இலையும் சொல்வதில்லை.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

* ரணகள்ளி கல்லைக் கரைக்கும் என்று பரம்பரையாகச் சொல்கிறோம். ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் இன்னும் சோதித்து நிரூபிக்கப்படவில்லை. வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் வேண்டாம்.

* இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இதைத் தொடவே கூடாது.

* கல் வராமல் இருக்கச் சுலபமான வழி தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடியுங்கள். தறிக்காரர்கள் பக்கத்திலேயே ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

* கல்லோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் அடைப்பு இருந்தால் எந்த இலைக்காகவும் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* சித்த வைத்தியரிடம் வரும்போது, நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு வாருங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே எடுத்து மேஜையில் வையுங்கள்.